எஞ்சினைப் பின்னால் தள்ளியவரின் அருங்காட்சியகம்

ஃபுளோரிடாவிலுள்ள ஒக்காலா, தன்னை உலகின் குதிரைத் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும் ஊர். சுற்றுவட்டாரம் முழுக்கப் பந்தயக் குதிரைப் பண்ணைகள். ஊரிலிருந்து 75-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே கொஞ்ச தூரம் போனால், குதிரைத்திறனுக்கு வேறு கணக்கு வைத்திருக்கும் ஒரு கட்டடம் வருகிறது. டான் கார்லிட்ஸ் டிராக் ரேஸ் அருங்காட்சியகம். 1984-ல் இங்கே திறந்தார்கள். பக்கத்திலேயே பழங்காலக் கார்களுக்கென்று இன்னொரு கட்டடமும் இருக்கிறது. குடும்பத்தோடு வருபவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடுவதில் வியப்பில்லை. டிராக் ரேஸ் பைத்தியம் எல்லாருக்கும் தொற்றும் வகையைச் சேர்ந்தது இல்லை.

பெயரில் இருக்கும் டான் கார்லிட்ஸ் நன்கொடை கொடுத்த கோடீஸ்வரரோ, மறைந்த தலைவரோ இல்லை. உள்ளே நிற்கும் வண்டிகளில் பலவற்றைத் தன் கையால் வெல்டிங் செய்து, தானே ஓட்டி, தானே உடைத்தவர். 1932-ல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் பிறந்தார். ரசிகர்கள் வைத்த பெயர் 'பிக் டாடி'. பந்தயக்காரரே தன் பந்தயத்துக்கு அருங்காட்சியகம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இடம் நல்ல உதாரணம். நடுநிலையான வரலாறு வேண்டுமென்று வருபவர்களுக்கு உறுத்தும். கார்லிட்ஸின் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன, மற்றவர்கள் அந்த வரிசையைச் சுற்றித்தான் வருகிறார்கள். ஆனால் அந்த ஒருதலைப்பட்சம்தான் இங்கே சுவாரசியமும்கூட.

டிராக் ரேஸுக்கு விளக்கம் சொல்வது சுலபம். இரண்டு வண்டிகள், ஒரே நேர்கோடு, வளைவே கிடையாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி முதலில் கோட்டைத் தாண்டுபவர் ஜெயித்தார். சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்து பைக்கை முந்தத் துடித்த எவருக்கும் இதன் ஆதாரத் தத்துவம் ஏற்கெனவே தெரியும். தூரம் கால் மைல், அதாவது 1320 அடி, 402 மீட்டர். மேல்மட்டப் பிரிவான டாப் ஃபியூயலில் 2008 வரை இந்தத் தூரம்தான். அந்த ஆண்டு ஜூன் மாதம் நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் விபத்தில் இறந்த பிறகு, வேகமான பிரிவுகளுக்கு மட்டும் 1000 அடியாகக் குறைத்தார்கள். வண்டி நிற்பதற்கு இடம் கூடுதலாகக் கிடைக்குமே என்ற கணக்கு. குறைத்த பிறகும் இன்றைய வண்டிகள் நான்கு விநாடிக்குள் ஓடி முடித்து, கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 530 கிலோமீட்டரைச் சாதாரணமாகக் கடக்கின்றன.

இவ்வளவும் எங்கிருந்து தொடங்கியது என்பதற்கு, 1932-ல் ஹென்றி ஃபோர்டு விற்பனைக்கு விட்ட ஓர் எஞ்சினுக்குப் போக வேண்டும்.

அது வி8 எஞ்சின். எட்டு சிலிண்டர், 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வால்வுகள் பக்கவாட்டில் இருந்ததால் மேல்மூடி தட்டையாக இருக்கும். அதனால் 'ஃபிளாட்ஹெட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதுவரை எட்டு சிலிண்டர் என்பது பணக்காரர்களின் கார்களுக்கு உரியது. ஃபோர்டு அதைச் சாதாரணக் குடும்பம் வாங்கும் காரில் வைத்தார். சில வருடங்களில் அந்தக் கார்கள் பழைய வண்டிகளாகக் கைமாறி, கலிஃபோர்னியாவின் விடலைப் பையன்கள் கையில் வந்து சேர்ந்தன. அவர்கள் முதலில் செய்த வேலை கழற்றுவது. மட்கார்டைக் கழற்று, பம்பரைக் கழற்று, கண்ணாடியைக் கழற்று. எடை குறைந்தால் வேகம் கூடும். அடுத்தது எஞ்சினுக்குள் கைவைப்பது: இரண்டு மூன்று கார்புரேட்டர்கள், அழுத்தம் கூட்டிய சிலிண்டர் மூடி, தேய்த்து வடிவம் மாற்றிய கேம்ஷாஃப்ட். ஹாட் ராட் என்பது இப்படி வீட்டுக் கொட்டகையில் பிறந்த வண்டி.

ஆர்மீனியப் பெற்றோருக்குப் பிறந்த எட் இஸ்கெண்டேரியன் இந்தத் தலைமுறையின் பிரதிநிதி. தன் ஃபோர்டு மாடல் டி வண்டியை 1942-ல் எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிப் படுகையில் மணிக்கு 120 மைல் வேகத்தில் ஓட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கேம்ஷாஃப்ட் தேய்த்துக் கொடுப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டார். 'இஸ்கி' கேம்கள் என்றால் அமெரிக்கப் பட்டறைகளில் இன்றும் தெரியும். கலிஃபோர்னியாவின் உள்நாட்டில் இப்படிப்பட்ட வறண்ட ஏரிகள் பல உண்டு. தண்ணீர் வற்றிக் களிமண் இறுகி மைல் கணக்கில் தரை தட்டையாகக் கிடக்கும். மூரோக் ஏரிதான் பந்தயக்காரர்களுக்கு முதலில் பிடித்த இடம். அதை ராணுவம் எடுத்துக்கொண்டது; இன்றைய எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் அதுதான். 1937-ல் கிளப்புகள் ஒன்றுகூடித் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் சங்கத்தை அமைத்தன. அதற்குப் பிறகுதான் யார் எவ்வளவு வேகம் போனார் என்பதற்கு வாய்ச்சவடாலைத் தாண்டி ஒரு கடிகாரம் சாட்சியாக வந்தது.

போர் முடிந்து திரும்பிய இளைஞர்களுக்கு இரண்டு விஷயங்கள் கைவசம் இருந்தன: விமான எஞ்சின்களைப் பிரித்து மாட்டிய அனுபவமும், ராணுவம் மலிவாகத் தள்ளிவிட்ட உபரிச் சாமான்களும். பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் இறக்கைக்கடியில் தொங்கும் கூடுதல் எரிபொருள் டாங்கை வாங்கி, அதற்குள் எஞ்சினையும் ஆளையும் உட்கார வைத்து 1946-ல் பந்தய வண்டியாக்கினார். காற்றைக் கிழித்துப் போக வேண்டும் என்று விமானப் பொறியாளர்கள் ஏற்கெனவே வடிவம் கொடுத்து வைத்த பொருள். அதைவிடப் பொருத்தமான உடம்பு எங்கே கிடைக்கும்?

ஏரிக்குப் போக நேரமில்லாதவர்கள் ஊர்த் தெருவிலேயே போட்டி போட்டார்கள். நள்ளிரவில் ரப்பர் கருகும் வாடை, விபத்து, பத்திரிகைத் தலைப்பு, போலீஸ் துரத்தல் என்று ஹாட் ராட் பையன்களின் பெயர் கெட்டுக் குட்டிச்சுவரானது. இதற்கு ஒரு வழி 1950 ஜூலையில் பிறந்தது. சான்டா ஆனா ஊரின் விமான ஓடுபாதை ஒன்றைப் பிடித்து, வாரக் கடைசியில் காசு வாங்கிக்கொண்டு போட்டி நடத்தத் தொடங்கினார் 'பாப்பி' ஹார்ட். அடுத்த ஆண்டு, 'ஹாட் ராட்' இதழின் ஆசிரியர் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை, சுருக்கமாக என்ஹெச்ஆர்ஏவை, தொடங்கினார். பையன்களைத் தெருவிலிருந்து பாதுகாப்பான ஓடுபாதைக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். இதில் அழகு என்னவென்றால், பொமோனா நகரப் போலீஸ் தலைவரே கைகொடுத்தார். அவருடைய சார்ஜென்ட் பட் கூன்ஸ், பின்னால் வேலையை விட்டுவிட்டுச் சங்கத்திலேயே சேர்ந்துகொண்டார். 1954-ல் அவரும் இன்னும் சிலரும் ஒரு ஸ்டேஷன் வேகனில் இழுவண்டியைக் கட்டிக்கொண்டு நாடெங்கும் கிளம்பினார்கள். ஊர் ஊராகப் போய், காலியாகக் கிடக்கும் ஓடுபாதையில் கடிகாரங்களைப் பொருத்தி, பந்தயத்தை எப்படிப் பத்திரமாக நடத்துவது என்று காட்டிக் கொடுத்தார்கள். துரத்திய போலீஸ்காரரே கொடி அசைக்கும் கதையைச் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள்.

இந்த வரலாறு முழுவதும் கலிஃபோர்னியாவைச் சுற்றியே நடக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். கார்லிட்ஸ் ஃபுளோரிடாக்காரர். கண்டத்தின் மறு கோடி. சதுப்பு நிலமும் முதலையும் இருக்கும் பட்டிக்காடு என்பதுதான் மேற்குக்கரைக்காரர்கள் மனதில் இருந்த படம்.

அவருடைய முதல் புகழ்பெற்ற டிராக்ஸ்டர், அதாவது டிராக் பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டி, பழைய செவர்லே காரின் சட்டத்தில் கிறைஸ்லர் ஹெமி எஞ்சினை ஏற்றிக் கட்டியது. ஹெமி என்பது 1951-ல் கிறைஸ்லர் தன் குடும்பக் கார்களுக்காகக் கொண்டுவந்த எஞ்சின். சிலிண்டர் மேல்பகுதி அரைக்கோள வடிவில் குடைந்திருக்கும். அதனால் பெரிய வால்வுகள் வைக்கலாம், காற்று தாராளமாக உள்ளே போகும். அதன்மீது எட்டு கார்புரேட்டர்களை வரிசையாக நிறுத்தினார் கார்லிட்ஸ். 1957 நவம்பரில் ஃபுளோரிடாவின் புரூக்ஸ்வில்லில் மணிக்கு 176.40 மைல் (284 கிலோமீட்டர்) பதிவானது. அதுவரை யாரும் தொடாத வேகம். கலிஃபோர்னியாவில் யாரும் நம்பவில்லை. கடிகாரம் கோளாறு, தூரம் குறைவு, ஆள் பொய்யர் என்று பேச்சு. அவரைச் 'சதுப்பு எலி' என்று போட்டிக்காரர்கள் ஏளனம் செய்தார்கள். அவர் அதை வாங்கித் தன் வண்டிக்கே பெயராக வைத்துக்கொண்டார்: ஸ்வாம்ப் ராட். இரண்டாவது, மூன்றாவது என்று எண் போட்டு, வாழ்நாளெல்லாம் அதே பெயர்தான். 2019-ல் அந்த எண் 38-ஐ எட்டியது.

உண்மையில் அன்றைய கடிகாரங்களைச் சந்தேகிக்கக் காரணமும் இருந்தது. 1960-ல் சிகாகோவைச் சேர்ந்த கிறிஸ் கராமசினஸ், இல்லினாயின் ஆல்டன் பந்தயத்தளத்தில் மணிக்கு 204 மைல் போனதாகச் சீட்டு வாங்கினார். அதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 200 மைலை எல்லாரும் ஒத்துக்கொள்ளும்படி தாண்டியவர் என்ற பெயர், 1964 ஆகஸ்டில் நியூ ஜெர்சியின் கிரேட் மெடோஸில் 201.34 மைல் ஓடிய கார்லிட்ஸுக்குத்தான் போனது.

1959 மார்ச்சில் அவர் கலிஃபோர்னியாவுக்கே போனார். பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே ஸ்மோக்கர்ஸ் என்ற கிளப் நடத்திய பெரும் போட்டி. இந்தச் சதுப்பு எலி எப்படித்தான் இருக்கும் பார்ப்போம் என்று கூட்டம் கூடியது. தோற்றுப்போனார். கோப்பை ஆர்ட் கிறிஸ்மனுக்கு. ஆனால் எதிராளிகளின் எஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு சாமான் அவர் கண்ணில் பட்டது: சூப்பர்சார்ஜர்.

அருங்காட்சியகத்தில் எந்த டிராக்ஸ்டரின் பக்கத்தில் நின்றாலும் முதலில் தெரிவது அதுதான். எஞ்சினுக்கு மேலே, வரிவரியான அலுமினியப் பெட்டி. முன்னால் அகலமான பல்பட்டை பெல்ட். உள்ளே இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று கோத்துச் சுற்றும், கரும்புச் சாறு மெஷினில் உருளைகள் சுற்றுவதுபோல. கரும்புக்குப் பதில் காற்று. சுற்றும் காற்றை வலுக்கட்டாயமாக எஞ்சினுக்குள் திணிப்பதுதான் வேலை. இதைப் பந்தயத்துக்கென்று யாரும் முதலில் தயாரிக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் டீசல் லாரி, பஸ் எஞ்சின்களில் புகையை வெளியேற்றிப் புதுக் காற்றை நிரப்புவதற்காக இருந்த பாகம். 6-71 என்று இன்றும் சொல்லும் எண்ணுக்கு அர்த்தம், ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்பதே. அந்தக்காலத்தில் பழைய சாமான் கடையில் பஸ் எஞ்சினிலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டு வந்து, பந்தய எஞ்சினுக்கு மாட்டினார்கள். காயலான் கடைதான் இந்த விளையாட்டின் ஆராய்ச்சிக்கூடம் என்று சொன்னால் மிகை இல்லை.

கார்லிட்ஸும் மாட்டினார். அதே 1959 ஜூனில் தெற்குக் கரோலினாவின் செஸ்டரில் ஓடும்போது சூப்பர்சார்ஜர் வெடித்தது. அன்றைய வண்டியில் ஓட்டுநர் எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். தீப்பிழம்பு முழுவதும் நேராக முகத்துக்கு வரும். தீப்பிடிக்காத உடை என்றெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது. கைகளும் முகமும் மோசமாக வெந்துபோயின. அவர் தேறும்வரை அவருடைய வண்டியை ஆர்ட் மலோன் ஓட்டினார்.

தீ இவ்வளவு கொடூரமாக இருந்ததற்கு எரிபொருளும் காரணம். நைட்ரோமீத்தேன். மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வரும் திரவம். ஒரு பங்கு பெட்ரோல் எரிய ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். நைட்ரோவுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு போதும். ஆகவே அதே சிலிண்டருக்குள் எட்டு மடங்குக்கும் மேல் எரிபொருளைக் கொட்டலாம். பெட்ரோலைவிடச் சக்தி குறைந்த திரவம்தான், ஆனால் அளவில் அள்ளிவிடுகிறது. இன்றைய டாப் ஃபியூயல் எஞ்சினின் மதிப்பிடப்பட்ட சக்தி சுமார் 11,000 குதிரைத்திறன். சிலிண்டருக்கு இரண்டு வீதம் 16 ஸ்பார்க் பிளக்குகள். ஓட்டம் பாதி முடிவதற்குள் பிளக்கின் முனை உருகிப்போகும். அதற்குப் பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் தானாகவே பற்றி எரிந்து ஓடுகிறது எஞ்சின். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அதை அக்கக்காகப் பிரித்து, உடைந்ததை மாற்றி, முக்கால் மணி நேரத்துக்குள் மறுபடி பூட்டி அனுப்புகிறார்கள். 1957-ல் வேகம் கட்டுக்கடங்காமல் போகிறது என்று என்ஹெச்ஆர்ஏ நைட்ரோவைத் தடைசெய்தது. 1960-களின் தொடக்கம்வரை தடை நீடித்தது. அதற்குக் கட்டுப்படாத சுயேச்சைத் தளங்களில் ஓடித்தான் கார்லிட்ஸ் இந்தக் காலத்தில் பேர் வாங்கினார்.

இப்போது, ஓட்டுநர் எஞ்சினுக்குப் பின்னால் உட்காரும் 'ஸ்லிங்ஷாட்' என்ற அந்தக்கால வண்டிகளில் ஒன்றின் அருகே நின்று, ஓட்டுநரின் இருக்கையை எட்டிப் பார்க்க வேண்டும். முன்சக்கரங்கள் எங்கோ தொலைவில், சைக்கிள் சக்கரம்போல ஒல்லியாக இருக்கின்றன. நடுவில் நீளமான குழாய்ச் சட்டம். பிறகு எஞ்சின். எஞ்சினை ஒட்டி கிளட்ச், கியர்பாக்ஸ், பின் ஆக்சில். ஓட்டுநரின் இடம் அதற்கும் பின்னால், பின்சக்கரங்களையும் தாண்டி, வண்டியின் வால் நுனியில். எடை பின்னால் இருந்தால் சக்கரம் வழுக்காது என்பதற்காக 1950-களில் வந்த ஏற்பாடு. உட்கார்ந்தால் கால்கள் ஆக்சிலுக்கு இருபுறமும் போகும். கியர்பாக்ஸ் இரண்டு பாதங்களுக்கும் நடுவில். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் இரும்பைக் கவட்டியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலை. புகைப்படத்தில் பார்த்தால் இது புரியாது. நேரில் நின்று, தன் காலை அந்த இடத்தில் வைத்துக் கற்பனை செய்து பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

1970 மார்ச் 8, லாங் பீச் அருகே லயன்ஸ் பந்தயத்தளம். ஸ்வாம்ப் ராட் 13-இல் கார்லிட்ஸ் சொந்தமாக உருவாக்கிய இரண்டு கியர் கொண்ட பெட்டி இருந்தது. இறுதிச் சுற்று. கிளம்பிய மாத்திரத்தில் அதன் உருளை வெடித்தது. வண்டி நடுவே இரண்டாக முறிந்தது. கார்லிட்ஸின் வலது பாதத்தின் முன்பாதி போயிற்று. பறந்த இரும்புத் துண்டு பட்டுப் பார்வையாளர் ஒருவரும் பலத்த காயமடைந்தார்.

மருத்துவமனைப் படுக்கையில் அவர் வரையத் தொடங்கியது, எஞ்சின் பின்னாலும் ஓட்டுநர் முன்னாலும் இருக்கும் வண்டி. யோசனை புதியது ஒன்றும் இல்லை. பலர் முயன்று பார்த்துக் கைவிட்டதுதான். அப்படிப்பட்ட வண்டிகள் நேராக ஓடாமல் மோதி ஓட்டுநரைக் காவு வாங்கும் என்பதுதான் அன்றைய பட்டறைப் பேச்சு. கார்லிட்ஸும் அவரோடு வேலை செய்த டி.சி. லெமன்ஸும் கானி ஸ்விங்கிலும் கட்டி முடித்து ஓட்டிப் பார்த்தபோது அதேதான் நடந்தது. வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தது.

கோளாறு எங்கே இருந்தது தெரியுமா? ஸ்டீயரிங்கில். பழைய வண்டியில் வால் நுனியில் உட்கார்ந்தவருக்கு, பின்பக்கம் கொஞ்சம் நழுவினாலும் இடுப்பில் உடனே தெரியும். படக்கென்று திருப்பிச் சரிசெய்வார். முன்னால் உட்கார்ந்தவருக்கு நழுவல் தாமதமாகத்தான் தெரிகிறது. தெரிந்ததும் பழைய பழக்கத்தில் படக்கென்று திருப்பினால், திருத்தம் அளவுக்கு மிஞ்சிப் போய் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அதைத் திருத்தப் போனால் மறுபடி இந்தப் பக்கம். ஸ்டீயரிங்கின் விகிதத்தை மந்தமாக்கிவிட்டால் போதும் என்ற தீர்வு ஸ்விங்கிலுடையது. சக்கரத்தை நிறையத் திருப்பினால் வண்டி கொஞ்சமாகத் திரும்பும். அவ்வளவுதான். பல வருடங்கள் மற்றவர்களைப் பயமுறுத்திய பிரச்சினை ஒரு பல்சக்கர மாற்றத்தில் அடங்கியது.

ஸ்வாம்ப் ராட் 14 இந்த அருங்காட்சியகத்தின் கர்ப்பக்கிருகம். பார்ப்பதற்குப் பெரிய பந்தா இல்லை. கறுப்பு வண்டி, முன்னால் கூண்டு, பின்னால் எஞ்சின். 1971 தொடக்கத்தில் பொமோனாவில் நடந்த வின்டர்நேஷனல்ஸ் போட்டியை இது ஜெயித்தது. அதே ஆண்டில் பின்னால் ஓர் இறக்கையும் முளைத்தது, காற்று வண்டியைத் தரையோடு அமுக்குவதற்காக. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஸ்லிங்ஷாட் என்ற இனமே மேல்மட்டப் பந்தயத்திலிருந்து காணாமல் போயிற்று. இன்றைக்கு ஓடும் ஒவ்வொரு டாப் ஃபியூயல் வண்டியும் இதன் பேரப்பிள்ளை. தீயும் வெடிக்கும் இரும்பும் ஓட்டுநருக்குப் பின்னால் போனதால் பிழைத்த உயிர்கள் எத்தனை என்று யாரும் கணக்குப் போட முடியாது. கார்லிட்ஸ் ஜெயித்த கோப்பைகளைவிட இந்த ஒரு வண்டிக்காக அவரை நினைப்பதே நியாயம்.

மற்றவர்கள் கதை அவ்வளவு விரிவாக இங்கே கிடைக்காது என்றாலும் ஒருவரை விட்டுவிட முடியாது. ஷெர்லி மல்டவுனி. 1973-ல் டாப் ஃபியூயல் ஓட்ட என்ஹெச்ஆர்ஏ உரிமம் பெற்ற முதல் பெண். அவருக்காகக் கையெழுத்துப் போட்ட ஓட்டுநர்களில் கார்லிட்ஸும் ஒருவர். பிறகு இருவரும் ஓடுபாதையிலும் பேட்டிகளிலும் கடித்துக் குதறிக்கொண்டது தனிக் கதை. 1977, 1980, 1982 என்று மூன்று முறை சாம்பியன் ஆனார் ஷெர்லி. வண்டிக்கு ரோஸ் நிறம் அடித்து, கூட்டம் அதைப் பார்த்துச் சிரித்தபோது ஜெயித்துக் காட்டினார். 1984-ல் மாண்ட்ரியால் அருகே முன்சக்கரக் கோளாறால் நடந்த விபத்தில் கால்கள் நொறுங்கின. 1986-ல் மறுபடி இருக்கையில் ஏறினார்.

இன்னொரு ஜோடியை நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும், பெயர் தெரியாமலேயே. பாம்பு என்று பட்டம் பெற்ற டான் புருதோமும், கீரி என்று பெயர் வாங்கிய டாம் மெக்யூவனும். மாட்டெல் பொம்மை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, 1970-ல் ஹாட் வீல்ஸ் பெயரைத் தங்கள் வண்டிகளில் எழுதிக்கொண்டு ஊர் ஊராக மோதினார்கள். மஞ்சளும் சிவப்புமான அந்த இரண்டு வண்டிகளின் பொம்மைகள் விற்றுத் தீர்ந்தன. எண்ணெய்க் கம்பெனியும் டயர் கம்பெனியும் மட்டுமே காசு கொடுத்த விளையாட்டுக்குள் வெளியாள் பணம் நுழைந்த வாசல் இது. அதற்குப் பிறகு பீரும் சிகரெட்டும் வந்தன.

1986-க்கு வந்தால் கார்லிட்ஸுக்கு 54 வயது. ஸ்வாம்ப் ராட் 30-ஐக் கூர்மூக்கு வைத்து, ஓட்டுநர் இடத்தை விமானம்போல மூடி, முன்சக்கரங்களை மிகச் சிறிதாக்கிக் கட்டினார். மார்ச்சில் கெயின்ஸ்வில்லில் மணிக்கு 272.56 மைல் (439 கிலோமீட்டர்). 270 மைலைத் தாண்டிய முதல் ஓட்டம். அதே கோடையில் இங்கிலிஷ்டவுனில் இந்த வண்டி முன்பக்கம் எழும்பி, செங்குத்தாக நின்று, அரைச் சுற்றுச் சுழன்று, வந்த திசையைப் பார்த்து இறங்கியது. கார்லிட்ஸ் காயமின்றி வெளியே வந்தார். அந்த ஆண்டுச் சாம்பியன் பட்டமும் அவருக்கே. இந்த வண்டியைத் தேடி ஒக்காலாவுக்கு வந்து பயனில்லை. 1987-ல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். சொந்தமாக அருங்காட்சியகம் வைத்திருப்பவர் தன் சிறந்த வண்டிகளில் ஒன்றை வேறொரு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார் என்றால், அங்கீகாரத்தின் ருசி அப்படி.

1992-ல் கண்ணே அவரை நிறுத்தியது. ஓட்டத்தின் முடிவில் பாராசூட் விரியும்போது உடம்பு முன்னால் வீசப்படும் விசையில் விழித்திரை பிரிந்தது. பிறகு 1994-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றும் பார்த்தார். அரசியலைவிட நேர்கோடே தேவலை என்று தோன்றியிருக்குமோ என்னவோ, 2003-ல் 71 வயதில் கெயின்ஸ்வில்லுக்குத் திரும்பி 323 மைல் (520 கிலோமீட்டர்) ஓடினார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கலிஃபோர்னியாவின் பொமோனாவுக்கும் ஒரு நடை போகலாம். வாலி பார்க்ஸ் பெயரில் என்ஹெச்ஆர்ஏ 1998-ல் திறந்த அருங்காட்சியகம் அங்கே சந்தைத் திடலில் இருக்கிறது. சங்கமே நடத்துவதால் கண்ணுக்கு லட்சணம், வரலாற்றில் சமநிலை. இஸ்கெண்டேரியனின் மாடல் டி அங்கேதான் நிற்கிறது. தரமான இடம். ஆனால் ஒரு குழுவின் தீர்மானத்தால் உருவான கூடத்துக்கும், ஒருவர் தன் பிடிவாதத்தால் நிரப்பிய கூடத்துக்கும் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. ஒக்காலாவில் எஞ்சின்களுக்கென்றே இருக்கும் வரிசையைப் பார்த்தால் அது விளங்கும். ஃபிளாட்ஹெட்டும் ஹெமியும் அங்கே வரிசையாக நிற்கின்றன. பாதிப் பார்வையாளர்களுக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடே தெரியாது. சந்தைக் கணக்குப் பார்க்கும் நிர்வாகி அந்த இடத்தில் காபிக் கடை வைத்திருப்பார்.

இரண்டு இடத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. சத்தம் கிடையாது. நைட்ரோ எஞ்சினின் சத்தம் காதைவிட நெஞ்செலும்பில்தான் அதிகம் கேட்கும் என்பார்கள் நேரில் நின்றவர்கள். அதன் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். மெருகேற்றி நிற்கும் வண்டியில் இது எதுவும் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க, பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே பழைய ரசிகர்கள் ஒன்றுகூடும் விழாவில் 2000-ஆம் ஆண்டுவாக்கில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். மீட்டெடுத்த ஸ்லிங்ஷாட் வண்டிகளை அந்தக்கால முறைப்படியே பின்னாலிருந்து தள்ளி உயிர்ப்பித்து, இருட்டிய பிறகு வரிசையாக நிறுத்தி, ஒரே நேரத்தில் உறும விடுவார்கள். எதுவும் ஓடாது, யாரும் ஜெயிப்பதில்லை. குழாய்களிலிருந்து தீ மட்டும் எழும்பும். ஆயிரக்கணக்கானோர் இதற்காகவே வருகிறார்கள்.

சத்தத்தையே துறந்த வண்டியைக் கட்டியதும் கார்லிட்ஸ்தான் என்பது நைட்ரோ பக்தர்களுக்குக் கொஞ்சம் ஜீரணமாகாத விஷயம். 2014-ல், 82 வயதில், ஸ்வாம்ப் ராட் 37 என்ற பாட்டரி டிராக்ஸ்டரில் மணிக்கு 184 மைல் ஓடினார். 200 மைல்தான் குறி. 2019-ல் அடுத்த வண்டியைக் கட்டி 189 மைல் எட்டினார். அப்போது வயது 87. மின்சார டிராக்ஸ்டரில் 200 மைலை 2020 மே மாதம் முதலில் தாண்டியவர் ஸ்டீவ் ஹஃப் என்ற வேறொருவர். 1964-ல் பெட்டியில் பூட்டிக்கொண்ட சாதனையை மின்சாரத்திலும் ஒருமுறை வாங்கிவிட நினைத்த கிழவருக்குப் பாக்கி இருந்தது வெறும் 11 மைல்.